இரண்டிற்கும் இடம்

நேரலைக் காட்சி எல்லாக் கருவிகளிலும் தெரியவேண்டுமாயின், படத்தைச் சுருக்கி விரிக்கும் ‘கோடெக்’ என்னும் முறை பொதுவாதல் வேண்டும். 2003-ஆம் ஆண்டு வெளிவந்த எச்.264 எங்கும் பரவியது. ஆயின் அதன் காப்புரிமைக் கட்டணம், மென்பொருளை இலவசமாய் வழங்குவோர்க்குச் சுமையாயிற்று. 2010-இல் கூகுள் நிறுவனம் வி.பி.8 என்னும் முறையைக் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்துவிட்டது. இணைய உலாவிகள் தமக்குள் நேரடியாகக் காட்சி பரிமாறும் வெப்ஆர்டிசிக்கு எது உரியது என்னும் வாதம் நீண்டது. 2013-இல் சிஸ்கோ நிறுவனம், கட்டணத்தைத் தானே ஏற்று எச்.264 மென்பொருளை இலவசமாய் அளிக்க முன்வந்தும் பூசல் தீரவில்லை. 2014 நவம்பரில் ஹொனலூலுவில் கூடிய இணையப் பொறியியல் பணிக்குழுவினர், உலாவிகள் இரண்டையும் ஏற்க வேண்டுமென உடன்பட்டனர். தேர்வு என்பது திறத்தை அளப்பது மட்டுமன்று; பொருளில்லார்க்கும் வாயில் திறந்துள்ளதா என நோக்குவதுமாகும்.