வெயில் சுட்ட தோலுக்கு ஒளிச் சிகிச்சை: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டியிலும் உடப்பிலும் கடலை நம்பி வாழ்பவர்களுக்கும் உப்பளங்களில் உப்பு வாருபவர்களுக்கும் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. கடல் நீரும் மணலும் வெள்ளை உப்பும் அதை மீண்டும் முகத்தில் அடிக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த முஸ்லிம் மக்களில் பலர், விட்டுவந்த தொழிலுக்குப் பதிலாகத் தோட்டங்களில் நாட்கூலி வேலைக்குப் போனார்கள். அன்று இருபது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அத்தனை வருட வெயிலும் அவர் தோலில் சேர்ந்திருக்கிறது.

நெற்றி, காது மடல், வழுக்கைத் தலை, புறங்கை ஆகிய இடங்களில் சிறிய செதிள் போன்ற தடிப்பு தோன்றலாம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும். விரலால் தடவினால் மணல் ஒட்டியது போலச் சொரசொரக்கும். உரிந்து விழுந்து அதே இடத்தில் திரும்ப வரும். கீழுதட்டிலும் ஆறாத வெடிப்பாக வரலாம். வைத்தியர்கள் இதனை அக்டினிக் கெரடோசிஸ் என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. ஆனால் அதற்கு முந்திய படி. பெரும்பாலானவை அப்படியே நின்றுவிடும், சில புற்றுநோயாக மாறும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் சிகிச்சை.

கறுத்த தோலில் மெலனின் ஓரளவு காவல் நிற்பதால் நம்மிடையே இது வெள்ளையர்களிடம் போலப் பரவலாக இல்லை. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இளவயதிலேயே வரலாம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒளிச் சிகிச்சையின் வேர் 1900 வரை போகிறது. சாயம் ஏற்றிய நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டதும் இறப்பதை மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர் அப்போது கவனித்தார். இன்றைய முறையிலும் அதே தத்துவம்தான். செதிளை மெல்லச் சுரண்டிவிட்டு அமினோலெவுலினிக் அமிலம் அல்லது அதைச் சார்ந்த களிம்பு பூசப்படும். பழுதடைந்த கலங்கள் அதனை ஒளிக்கு எதிர்வினை காட்டும் பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். சுமார் மூன்று மணிநேரம் மூடிவைத்தபின் சிவப்பு விளக்கொளி சில நிமிடங்கள் பாய்ச்சப்படும். அப்போது உண்டாகும் ஒட்சிசன் வடிவம் அந்தக் கலங்களை அழிக்கும். பக்கத்திலுள்ள நல்ல தோலுக்குப் பாதிப்புக் குறைவு, வடுவும் குறைவு. அமெரிக்கா 1999 இல் நீல ஒளியுடன் இதற்கு அனுமதி வழங்கியது. விளக்குக்குப் பதிலாகப் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணிநேரம் இருக்கச் செய்யும் முறையும் உண்டு. அதற்காகக் களிம்பை வாங்கித் தானாகப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பது ஆபத்து.

ஒளி படும்போது எரிவு கடுமையாக இருக்கும். சில நாட்கள் சிவந்து பொருக்குக் கட்டும். நமது தோலில் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கவும் கூடும். போர்ஃபிரியா நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது.

திரவ நைதரசனால் உறையவைத்தல், புளோரோயுராசில் களிம்பு, வெட்டி எடுத்தல் என்பனவும் நல்ல பலன் தரும் வழிகளே. ஒளிச் சிகிச்சை கிடைக்கவில்லையே என்று யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

போரில் காயப்பட்டவர்கள் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எரிகாயத் தழும்பிலோ, நீண்டநாள் ஆறாத ஷெல் காயத்திலோ பல வருடங்களின் பின் புற்றுநோய் உருவாகலாம். இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். தோலின் மேற்பரப்பை மட்டும் தொடும் ஒளிச் சிகிச்சை இதற்குப் போதாது. பழைய தழும்பு திடீரென வெடித்தால், தடித்தால், இரத்தம் கசிந்தால், நாற்றம் வந்தால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இத்தகைய மாற்றம் மூன்று, நான்கு வாரங்களில் மாறாவிட்டால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும், வடக்கில் உள்ளவர்களுக்குத் தெல்லிப்பழையிலும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம்.