மருந்து வாங்கியோரும் மருந்து கற்றோரும்

இலங்கைத் தமிழர் சரித்திரத்திலே 1872 ஆம் ஆண்டுக்குத் தனிச்சிறப்பு ஒன்றிருப்பதாக எவரும் கூறுவதில்லை. ஆயினும் அவ்வாண்டில் நிகழ்ந்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்துப் பார்த்தல், நிவித்திகலப் பகுதித் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த எமக்குப் பயன் தருவதாகும். மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் மாணவருக்கெனத் தயாரித்த ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூல் அவ்வாண்டிலேதான் வெளிவந்தது. எலும்பு, தசை, நரம்பு, இரத்தக்குழாய் என்று மனித உடலின் கூறுகளைத் தமிழிலே விரித்துரைப்பது அந்நூல். அதே ஆண்டில், தோட்டங்களிலே கூலிவேலை செய்ய வந்த இந்தியத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் கவனிப்பதற்கென இலங்கை அரசாங்கம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது.

இரண்டும் தமிழரைப் பற்றியவையே. ஆனால் நூல் தமிழ் இளைஞரை வைத்தியராக்குவதற்கு எழுந்தது. சட்டம் தமிழ்த் தொழிலாளரை நோயாளராக எண்ணி எழுந்தது. ஒரே தீவில், ஒரே மொழி பேசும் மக்களுள் ஒரு சாரார் மருந்து கற்றோராகவும் மற்றொரு சாரார் மருந்து வாங்கியோராகவும் பிரிந்தமை எவ்வாறு? நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் எமது தோட்டத்துப் பிள்ளைகளிலே வைத்தியரும் தாதியரும் மிக அரிதாகவே தோன்றுவதன் காரணம் யாது? இவ்விரு வினாக்களையுமே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலிலே மானிப்பாய்க்குச் செல்வோம். கிறீன் 1822 இல் அமெரிக்காவிலே மாசசூசெற்ஸ் மாநிலத்திலே பிறந்தவர். 1847 இல், இருபத்தைந்து வயது இளைஞராக யாழ்ப்பாணம் வந்திறங்கினார். மறுவருடம் மானிப்பாயில் ஆஸ்பத்திரிப் பணியை ஆரம்பித்த அவர், தாம் ஒருவர் இருந்து ஒரு குடாநாட்டின் பிணியெல்லாம் தீர்த்தல் இயலாது என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார். வாந்திபேதி ஒருமுறை ஊருக்குள் புகுந்தால் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த காலம் அது. ஆகவே ஊர்ப் பிள்ளைகளுள் ஒருசிலரைத் தெரிந்தெடுத்துத் தம்முடன் வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். இவ்வாறு அவர் உருவாக்கிய தமிழ் வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர் ஆவர்.

அவர் கற்பித்த முறைதான் எம் கவனத்துக்குரியது. மாணவர் பாடம் கேட்டதோடு நின்றாரல்லர். நோயாளர் வரும் இடத்திலேயே ஆசிரியருடன் நின்று, நாடி பார்த்து, புண் கட்டி, மருந்து கலந்து பழகினர். ஆசிரியர் கண்முன்னே செய்வதைப் பார்த்து, பின் ஆசிரியர் கண்முன்னே தாம் செய்து காட்டிக் கற்றலே எம்முடைய பழைய குருகுல முறை. நாதசுரம் கற்பவனும் சிற்பம் கற்பவனும் அவ்வாறே கற்றான். அமெரிக்க வைத்தியர் ஒருவர் அதனை மேனாட்டு வைத்தியத்துக்குக் கைக்கொண்டார் என்று சொன்னாலும் தகும்.

மொழியைப் பற்றி அவர் செய்த முடிவு இன்னும் பெரியது. ஆரம்பத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1857 இல் தாய்நாடு சென்று 1862 இல் மீண்டு வந்த பின்னர், வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்தார். ஆங்கிலம் கற்ற இளைஞன் ஊரை விட்டு உத்தியோகம் தேடிப் போய்விடுகிறான்; தமிழில் கற்றவனோ தன் மக்களிடையே தங்குவான் என்பது அவர் எண்ணம். ஆனால் புத்தகம் எங்கே? இல்லையாயின் ஆக்குவோம் என்றார். ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலேயே வந்துவிட்டது. ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘வைத்தியாகரம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. இரண வைத்தியம் என்பது இன்று நாம் சத்திரசிகிச்சை என்று வழங்குவதே. பழைய சொல்லே காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று எமக்குத் தோன்றுகிறது.

சொல்லாக்கத்திலே அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழிலே சொல் தேடுவார். அகப்படாவிடில் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய மாற்றிக்கொள்வார். ‘கெமிஸ்தம்’ அவ்வாறு பிறந்த சொல். இந்நூல்களை அவர் தனியே எழுதினாரல்லர். டான்போர்த், சப்மன், போல் என்று மிஷன் வழக்கப்படி ஆங்கிலப் பெயர் தாங்கிய தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்புப் பாரத்தின் பெரும்பங்கைச் சுமந்தனர், அவர் திருத்தினார். நேற்று மாணவனாய் இருந்தவன் இன்று நூலாசிரியனாயினான். தேகநலம் குன்றி 1873 இல் அமெரிக்கா திரும்பிய கிறீன், அங்கிருந்தும் அப்பணியை விட்டாரில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளிவர, அடுத்த ஆண்டிலே அவர் காலமானார்.

இங்கே வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இந்து வாலிபர் சங்கத்தின் மலரிலே பாதிரிமாரின் ஊழியரைப் பாராட்டுவது தகுமோ என்று கேட்பர். கிறீனின் நோக்கத்தில் மதமாற்றமும் ஒன்று, அதனை மறைப்பதற்கில்லை. மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்த எமக்கு அப்பாடசாலைகளின் நன்மையும் தெரியும், அவை எதிர்பார்த்த விலையும் தெரியும். ஆயினும் கிறீன் மானிப்பாயில் தொடங்கிய அதே 1848 இலேதான், மிஷன் பாடசாலையிற் கற்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும் தமிழ் வசனநடை அறிவைச் சுமக்கவல்லது என்பதில் மட்டும் ஒன்றுபட்டனர். பிற்காலத்திலே, மட்டக்களப்பில் மிஷன் கல்லூரியிற் படித்து, இரசாயனம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராயிருந்து, துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொற்களை வகுக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அத்தொகுதி 1938 இல் வெளிவந்தது. கல்வி எந்த வாசலால் வந்தாலும் அதனை வீட்டுக்குள் எடுத்துவைக்க அறிந்தவர்கள் அப்பெரியோர்.

எனினும் மானிப்பாயின் கதையில் குறையில்லாமலில்லை. கிறீனிடம் கற்றவர் அனைவரும் ஆண்கள். மிஷன் பாடசாலையின் படியேறக் கூடியவர்க்கே அக்கதவு திறந்தது. அவர் போன பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பிலே தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே நடந்தது.

பெண்களுக்கான வழி சற்றுப் பிந்தியே திறந்தது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே 1820 தொட்டுப் பணிசெய்த டாக்டர் ஜோன் ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர், தமிழ்நாட்டு வேலூரிலே 1918 இல் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்கள் இப்பரீட்சையிலே தேறுவார்களா என்று ஐயுற்றோர் பலர். நான்கு ஆண்டின் பின் முதல் வகுப்பில் 14 பேர் தேறி வெளிவந்தனர். அவர்களுக்கும் முன்னர், புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் சென்னை வைத்தியக் கல்லூரியிலிருந்து வைத்தியராக வெளிவந்திருந்தார். பெண்பிள்ளை வீட்டோடு அடங்கும் வயதில், கல்லூரி அதிபராயிருந்த அவருடைய தந்தையார் வீட்டிலேயே வைத்துப் பாடஞ் சொல்லிக்கொடுத்தார். மானிப்பாயில் ஆசிரியர், புதுக்கோட்டையில் தகப்பனார், வேலூரில் ஒரு பெண் வைத்தியர் என்று எங்கே பார்த்தாலும், முன்னே நடந்த ஒருவர் பின்னே வருபவரின் கையைப் பிடித்திருக்கக் காண்கின்றோம்.

நிற்க. எமது பகுதிக்கு வருவோம். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாய் வந்த எம்முன்னோர் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர்க்கு 1872 ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்வழி வந்த பிற சட்டங்களும் ஆஸ்பத்திரியையும் மருந்தையும் ஓரளவு தந்தன. 1916 இல் அமெரிக்க ரொக்பெல்லர் ஸ்தாபனம் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைத் தோட்டங்களிலே தொடங்கிற்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே மலேரியா பரவி, எமது அயல் மாவட்டமாகிய கேகாலையைப் பெரிதும் வாட்டிற்று. இவற்றிலெல்லாம் தோட்டத் தொழிலாளி வரிசையில் நின்றான், வாயைத் திறந்தான், மருந்தை விழுங்கினான். வேலைக்கு ஆள் குறையக்கூடாது என்னும் கணக்கும் அம்மருந்திற் கலந்திருந்தது. டிஸ்பென்சரி மேசைக்கு அந்தப் பக்கம் அவனுடைய பிள்ளையை ஏற்றிவைக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. டிஸ்பென்சர் ஐயா பெரும்பாலும் வெளியூரார்.

அதன்மேல் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாடற்றவராக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. இந்நாட்டிலே தாதியர் பயிற்சியும் வைத்தியர் பதவியும் பெரும்பாலும் அரசாங்கத்தைச் சார்ந்தவை ஆகையால், கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அந்த வாசல் மூடியே கிடந்தது. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கப்பலேற்றியது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலும் முடிவு கண்டது. இச்சட்டங்கள் எம்மிடமிருந்து பறித்தவற்றுள் வாக்குரிமையை எல்லோரும் அறிவர். முன்னோடிகளைப் பறித்ததை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மானிப்பாய்ப் பிள்ளைக்கு வைத்தியராயிருந்த மாமா ஒருவர் இருந்தார். தாதியாயிருந்த அக்கா ஒருத்தி இருந்தாள். லயத்துப் பிள்ளைக்கு இரண்டு தலைமுறையாக அத்தகையோர் தோன்ற இயலாமற் போயிற்று. எந்தப் பாடத்தை எடுப்பது, விண்ணப்பம் எப்போது வரும் என்று கேட்பதற்கே ஆளில்லை. எமது பிள்ளைகள் பின்தங்கியதற்குச் சோம்பலும் மூளைக்குறைவும் காரணமென்று பேசுவோர், இந்தக் கணக்கைப் பார்க்காமலே பேசுகின்றனர்.

இதன் விளைவை ஆஸ்பத்திரியிலே காணலாம். சிங்களம் சரளமாக வராத ஒரு தாய் தன் நோவை வைத்தியருக்கு எடுத்துரைக்க, பாடசாலை செல்லும் மகனைத் துணைக்குக் கூட்டிச் செல்கிறாள். பெண்ணுக்கேயுரிய நோவை மகன் வாயால் எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே மருந்து வாங்கித் திரும்புகிறாள். சுரங்கக் குழியிலும் வயற்சேற்றிலும் இறங்குவோரைப் பற்றும் எலிக்காய்ச்சல் எமது இரத்தினபுரி மாவட்டத்திலே மிகுதி. காய்ச்சல் எந்நாளிலே தொடங்கியது, எங்கே வேலை செய்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கு நோயாளி சொல்லும் விடையே அந்நோயைக் கண்டுபிடிக்க வைத்தியருக்கு வழிகாட்டும். அவ்விரண்டு கேள்விகளையும் நோயாளியின் மொழியிலே கேட்க ஒருவர் இருந்தால் உயிர் தப்பும்.

இன்று வாசல் மூடியில்லை. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியிலேயே இருக்கிறது. தாதியர் பயிற்சிப் பாடசாலையும் அங்கே உண்டு. நிவித்திகலவிலிருந்து பஸ்ஸேறிப் போய்வரும் தூரம். தாதியர் பயிற்சிக்கான அறிவித்தல் வர்த்தமானியிலே தமிழிலும் வருகிறது. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை எடுத்த பிள்ளைக்கே அது பயன்படும். அப்பிரிவைத் தமிழிலே கற்பிக்கும் பாடசாலையோ எமது பகுதியில் அரிது. சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள அந்தச் சில மாதங்களிலேதான் பிள்ளையின் வழி தீர்மானமாகிறது. அம்மாதங்களிலே எமது பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகின்றனர். போனவர் திரும்பிப் படிப்பது அபூர்வம்.

ஆகவே எமது சங்கம் அந்த மாதங்களைக் குறிவைத்து வேலை செய்தல் வேண்டும். பரிசளிப்பு விழாவுக்குப் பெரிய வைத்திய நிபுணர் ஒருவரைத் தலைநகரிலிருந்து வரவழைத்து மாலையிட்டு அனுப்புவதிலே எமக்கு அத்துணை நம்பிக்கையில்லை. பிள்ளைகள் அவரைக் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துவிட்டுக் கலைந்து போவர். கிறீன் மாணவரைத் தம் பக்கத்திலே நிறுத்திக்கொண்டார். அவ்வாறு பக்கத்தில் நிற்கக்கூடியவர் எவரெனத் தேடினால், தோட்டப் பகுதியிலிருந்து போய்த் தாதியாகவோ மருந்தாளராகவோ ஆய்வுகூட உத்தியோகத்தராகவோ வேலைபார்க்கும் ஒருவர் இருவராவது அகப்படுவர். அவர்கள் லீவில் ஊர்வரும் நாளிலே சங்க மண்டபத்திலே ஐந்தாறு பிள்ளைகளுடன் ஒரு பிற்பகல் இருந்தால் போதும். விஞ்ஞானம் படிக்க வேறு ஊரிலே விடுதியில் தங்கவேண்டிய பிள்ளைக்குச் செலவு என்னவாகும் என்பதை விழா நிதியை வகுக்கும் அன்றே கணக்கிட்டு ஒதுக்கலாம்.

அவ்வாறு கூட்டும் முதற் பிற்பகலுக்கு யாரை அழைப்பது என்று கேட்டால், எமது தெரிவு தோட்டத்து மருத்துவமாது. அவருக்குத் தமிழ் தெரியும். ஒவ்வொரு லயமும் தெரியும். வந்திருக்கும் பிள்ளைகளுள் சிலரை முதன்முதலிற் கையில் ஏந்தியவரும் அவரே.