குளிர்காலச் சக்கரமும் டயரும் (வேகக் கார்களுக்கானவை)

வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் மாதங்களில் கோடைக்கால டயருக்குப் பதிலாகக் காரில் மாட்டப்படுவது குளிர்கால டயர். கனடாவில் வாழும் தமிழர் பேச்சில் இது ‘வின்டர் டயர்’. போர்ஷே 911, பிஎம்டபிள்யூ எம்3 போன்ற வேகக் கார்களுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது சாதாரணக் காரைவிடக் கடினம். அவற்றின் பிரேக் பெரிது, டயர் அகலம், பல கார்களில் முன்சக்கர அளவும் பின்சக்கர அளவும் வேறு.

இந்த டயரின் பிறப்பிடம் பின்லாந்து. நோக்கியா நகரில் இயங்கிய சுவோமென் கும்மிதெஹ்தாஸ் என்ற ரப்பர் நிறுவனம் 1934இல் லாரிகளுக்காக ஒரு பனி டயரைச் செய்தது. பனி வாரப்படாத சாலையில், இழுத்துச் செல்லும் ஆற்றலுக்காகக் குறுக்குவாட்டில் ஆழமான பள்ளங்கள் வெட்டப்பட்ட டயர் அது. இரண்டே ஆண்டில், 1936இல், கார்களுக்கான ‘ஹக்கபெலித்தா’ வந்தது. முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃபின் படையில் போரிட்ட பின்லாந்துக் குதிரைவீரர்களின் பெயர் அது. அந்த ரப்பர் நிறுவனத்தின் வழிவந்த நோக்கியன் நிறுவனம் இன்றும் அப்பெயரிலேயே டயர் விற்கிறது.

1960களில் டயரில் உலோக ஆணி பதிக்கும் வழக்கம் பரவியது. பனிக்கட்டியில் ஆணிக்கு நிகரான பிடிப்பு வேறில்லை. ஆனால் பனி உருகிய சாலையை அதே ஆணி அரைத்துத் தள்ளியது. மேற்கு ஜெர்மனி 1975இல் ஆணி டயரைத் தடை செய்தது. ஜப்பானில் செண்டாய் முதலிய வடபுல நகரங்களில் அரைபட்ட சாலைத் தூசி மக்களின் மூச்சுக் காற்றையே கெடுத்ததால், 1990இல் அதற்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. அதற்குச் சற்று முன், 1988இல், பிரிட்ஜ்ஸ்டோன் ‘பிலிசாக்’ டயரை வெளியிட்டிருந்தது. அதன் ரப்பரில் உள்ள நுண்துளைகள், பனிக்கட்டியின் மேல் படியும் நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. வழுக்குவதற்கு மூலகாரணம் அந்த நீர்ப்படலமே என்பதால், ஆணியில்லாத டயரின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். நார்டிக் நாடுகளில் ஆணி டயர் இன்னும் சட்டப்படி ஓடுகிறது. ஒஸ்லோ போன்ற சில நகரங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது குளிரைப் பார்த்து. பனி விழுவதைப் பார்த்து அல்ல. வேகக் காரின் கோடை டயர் சூட்டில் பிசினாகப் பற்றிக்கொள்ளும் ரப்பர். குளிரில் அதுவே கட்டைபோல் இறுகிவிடும். உலர்ந்த சாலையிலும் பிரேக் தூரம் நீளும். பந்தய வகை டயர்கள் உறைகுளிரில் வெடிப்பு விடலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால ரப்பர் சிலிகா சேர்த்துத் தயாரிக்கப்படுவதால் குளிரிலும் இளக்கமாக இருக்கும். சாலையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டிகளில் உள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும்.

ஆணியில்லாத குளிர்கால டயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. மிஷலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ போன்ற மத்திய ஐரோப்பிய வகை, மழையும் பனிச்சேறும் அதிவேகமும் கலந்த சாலைக்கானது. வி (மணிக்கு 240 கி.மீ.), டபிள்யூ (270) ஆகிய வேகக் குறிகளில்கூடக் கிடைக்கும். ஹக்கபெலித்தா ஆர் போன்ற நார்டிக் வகை இன்னும் மிருதுவானது. பனிக்கட்டியில் சிறக்கும், திருப்பத்தில் தளதளக்கும். மியூனிக்கில் ஓட்டுபவருக்கு முதல் வகையும் மான்ட்ரியாலில் ஓட்டுபவருக்கு இரண்டாவதும் பொருந்தும். பக்கச் சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருக்க வேண்டும். 1999இல் வட அமெரிக்காவில் தொடங்கிய இக்குறி, அழுந்திய பனியில் செய்யும் இழுவைச் சோதனையைக் குறிக்கிறது. எம்+எஸ் என்ற பழைய எழுத்துகளுக்குப் பின்னால் அப்படி எந்தச் சோதனையும் கட்டாயமில்லை.

சக்கரத்தைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுகளில் சிறிய ரிம்மும் குறுகிய டயருமே சரியான தேர்வு. குறுகிய டயர் இளம்பனியை வெட்டிக்கொண்டு கீழிறங்கும். அகன்றது மேலே மிதக்கும். ரிம் சிறுத்தால் டயரின் பக்கச் சுவர் உயர்ந்து, பனிக்கு அடியில் மறைந்த குழிகளிலிருந்து ரிம்மைக் காக்கும். மொத்த விட்டம் மட்டும் மாறக் கூடாது. 225/40 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 637 மி.மீ., 225/45 ஆர்17 டயருக்குச் சுமார் 634 மி.மீ.; இந்த வேறுபாட்டால் வேகமானியோ ஏபிஎஸ்ஸோ குழம்பாது. எவ்வளவு சிறிய ரிம் என்பதை முடிவு செய்வது பிரேக் காலிப்பர். பெரிய பிரேக் உள்ள கார்களில் ஓர் அங்குலம் குறைத்தாலே ரிம் காலிப்பரில் உரசக்கூடும். ஹப் துளை, ஆஃப்செட், சுமைக் குறி ஆகியவையும் காரின் கையேட்டோடு ஒத்திருக்க வேண்டும். போர்ஷே தான் ஏற்ற டயர்களில் ‘என்’ முத்திரையும், பிஎம்டபிள்யூ நட்சத்திர முத்திரையும் இடச்செய்கின்றன.

சாலையில் தூவும் உப்பு, மெருகேற்றிய அலுமினியத்தையும் குரோமையும் அரித்துவிடும். பெயின்ட் பூசிய எளிய வார்ப்பு ரிம்மே குளிர்காலத்துக்குப் போதும். தனி ரிம் தொகுப்பு வைத்திருந்தால், ஆண்டுக்கு இருமுறை டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்டும் சேதம் இல்லை. காற்றழுத்த உணரி உள்ள கார்களில் புது ரிம்முக்கும் உணரி வாங்க வேண்டும். குளிரில் அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும்: வெப்பநிலை 5 அல்லது 6 பாகை குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும்.

பின்சக்கர இழுவைக் காருக்குப் பின்னால் இரண்டு டயர் போதும் என்பது ஆபத்தான சிக்கனம். அப்படி மாட்டிய கார் கிளம்பும், ஆனால் நிற்காது, திரும்பாது. நான்கையும் மாற்ற வேண்டும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் மாதக் கணக்கில்லை; சாலை வழுக்கும் நிலையில் கட்டாயம். அண்மைக் காலத்தில் எல்லாப் பருவ டயர்களும் மின்கார்களுக்கான குளிர்கால டயர்களும் சந்தையில் பெருகியுள்ளன.

வாங்கும்போது பக்கச் சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள்: முதல் இரண்டு தயாரித்த வாரம், பின்னிரண்டு ஆண்டு.