கித்தாரும் குருவின் குரலும்

இந்தியாவின் எந்தப் பெருநகரிலும் குடியிருப்புப் பகுதியொன்றில் சற்று நடந்து சென்றால், சங்கீதப் பள்ளி ஒன்றின் பெயர்ப்பலகை கண்ணிற் படும். வாய்ப்பாட்டு, தபலா, ஹார்மோனியம், நடனம் என்று அடுக்கி வரும் அப்பலகையில் கித்தார் என்ற சொல்லும் இன்று பெரும்பாலும் இடம் பெற்றிருக்கும். கொல்கத்தாவிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை அப்பள்ளியிற் சேர்ந்து கித்தார் கற்க விரும்பினால், பெற்றோர் மனத்தில் ஒரு தயக்கம் எழுவதுண்டு. ஊரை விட்டு வந்த இடத்தில் பிள்ளையின் காதில் விழ வேண்டியது நம் சங்கீதம் அல்லவா? வீணையோ வயலினோ கற்க வேண்டிய வயதில் அயல்நாட்டுக் கருவி ஒன்றைக் கையிற் கொடுத்தால், அது நம் மரபினின்றும் பிள்ளையை விலக்கி விடாதா? இவ்வினாக்கள் நியாயமானவையே. இவற்றுக்கு ஊகத்தால் விடை கூறுவதைக் காட்டிலும், கித்தாரை இந்நாட்டினர் யாரிடம், எவ்வாறு கற்றனர் என்னும் வரலாற்றைப் பார்ப்பது நலம்.

கித்தார் ஸ்பெயின் நாட்டில் வளர்ந்த கருவி. அதற்கு இன்றைய வடிவையும் அளவையும் வகுத்துத் தந்தவர் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892) என்னும் தச்சர். ஆறு தந்திகள், கழுத்தின் மீது குறுக்கே பதித்த உலோக மெட்டுகள். நம் வீணைக்கும் மெட்டுகள் உண்டு. ஆனால் வீணையின் 24 மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பவை. தந்தியைப் பக்கவாட்டில் வெகுதூரம் இழுத்துக் கமகம் பிடிக்க அவை இடம் தருகின்றன. கித்தாரின் மெட்டுகளோ தாழ்ந்தவை, தந்திகள் இறுகியவை. ஒரு ஸ்வரத்தினின்று மற்றொன்றுக்குப் படியேறிச் செல்வது அதில் எளிது. வழுக்கிச் செல்வது கடினம். இந்தியச் செவிக்கு இது ஒரு பெருங்குறை.

அக்குறையை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக எண்ணினர் என்பதற்கு வானொலியின் வரலாறே சான்று. ஹார்மோனியம் கமகத்தையும் நுண்ணிய சுருதிகளையும் காட்ட வல்லதன்று என்ற காரணத்தால், 1940ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியிலிருந்து அகில இந்திய வானொலி அக்கருவியைத் தன் நிகழ்ச்சிகளினின்றும் விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. வீடுதோறும் பழகிய ஹார்மோனியத்துக்கே இந்நிலை என்றால், மெட்டுப் பதித்த கித்தாரைச் சாஸ்திரீய சங்கீத மேடையில் யார் ஏற்பார்?

இச்சிக்கலுக்கு வழி, எதிர்பாராத ஒரு திசையிலிருந்து வந்தது. பசிபிக் மாக்கடலின் நடுவே ஹவாய்த் தீவில், ஜோசப் கெகுகு என்னும் இளைஞர் 1880களின் பிற்பகுதியில் கித்தாரை மடிமீது கிடத்தி, இடக்கையில் எஃகுத் துண்டொன்றைப் பிடித்துத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்கும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். தந்திகளைச் சற்று உயர்த்தி விட்டால் மெட்டுகள் அவற்றைத் தீண்டா. எஃகு சென்ற இடமெல்லாம் நாதம் தொடரும். இந்த ஓசை ஹவாய் இசைக் குழுக்களுடன் கப்பலேறி ஆசியத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவியது.

தமிழர்க்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. தஞ்சைத் தரணியில் வளர்ந்த கோட்டுவாத்தியம், அதாவது சித்ரவீணை, மெட்டுகள் இல்லாதது. தந்தியின் மேல் கட்டையை நகர்த்தி வாசிப்பது. ஸகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், நாராயண ஐயங்கார் முதலிய வித்வான்களின் கையில் அது பெருமை பெற்றது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய செவிக்கு ஹவாய்க் கித்தார் தூரத்து உறவினரின் குரல் போலவே ஒலிக்கும்.

இந்தியாவில் ஹவாய்க் கித்தாருக்குத் தாய்வீடாக அமைந்த நகரம் கல்கத்தா. சமோவாத் தீவிற் பிறந்து ஹவாயில் வளர்ந்த தௌ மோயே என்னும் கலைஞர், தம் குடும்பத்தினருடன் ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தவர், 1940களில் பல ஆண்டுகள் அந்நகரில் தங்கினார். மேடையில் வாசித்ததோடு நில்லாமல், விரும்பி வந்தோர்க்குக் கற்பிக்கவும் செய்தார். வங்காளியரிடையே சுஜித் நாத் இக்கருவியில் முன்னோடியாக விளங்கினார். அவருக்குப் பின் பட்டுக் நந்தி, சுநீல் கங்கூலி, கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் புதல்வர் காஜி அநிருத்தர் ஆகியோர் புகழ் பெற்றனர்.

அவர்கள் வாசித்தவை பெரும்பாலும் ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதம், திரைப்பாடல் ஆகியவற்றின் மெட்டுகள். சொல் இல்லாமல் இசை மட்டும் ஒலிக்கும். ஆயினும் கேட்போர் ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் பாடிக்கொள்வர். பாட்டைத் தொண்டையிற் பழகியவருக்கே அந்த வாசிப்பு கைவந்தது. எஃகுத் துண்டை எங்கு நிறுத்துவது என்பதைக் கண் மட்டும் காட்டிவிடாது, காதும் சொல்ல வேண்டும். எனவே வங்கத்துக் கித்தார் வகுப்புகள் பாட்டு வகுப்புகளின் உடன்பிறப்பாகவே வளர்ந்தன. நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் மாலை நேரங்களிற் சென்று கற்கும் கலையாக அது வேரூன்றியது. ரவீந்திர சரணி என்று இன்று வழங்கும் பழைய சித்பூர் சாலைப் பகுதியின் வாத்தியக் கடைகளில் சித்தாருக்கும் எஸ்ராஜுக்கும் அருகே கித்தாரும் இடம் பெற்றது.

எனினும், பாட்டின் மெட்டை வாசிப்பது வேறு. இராகத்தை ஆலாபனை செய்வது வேறு. அந்த எல்லையைக் கடந்தவர் ஜோத்பூரிற் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018). கல்கத்தாவில் ஹவாய்க் கித்தாரின் ஒலியில் மனத்தைப் பறிகொடுத்த அவர், அதை வீட்டுக்குக் கொண்டு சென்றபோது, சங்கீத ரசிகரான தந்தைக்கு அது உடன்பாடாக இல்லை. சாஸ்திரீய சங்கீதம் ஒன்றையே அதில் வாசிப்பேன் என்று உறுதி கூறி மகன் இசைவு பெற்றார் என்பர். ஆனால் அதைக் கற்பிக்க யார் இருந்தனர்? இராகம் வாசிக்கும் கித்தார் ஆசிரியர் என்று சொல்லத்தக்கவரைத் தேடுவதே அரிதாயிருந்த காலம் அது.

காப்ரா சென்றடைந்தது சரோத் மேதை அலி அக்பர் கானிடம். குரு கித்தார் வாசிப்பவர் அல்லர். எந்த விரலை எங்கு வைப்பது, எஃகுத் துண்டை எவ்வாறு பிடிப்பது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. குரு அளித்தது இராகத்தின் உருவம்: இந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எவ்வழியாக அடுத்ததை அணுகுவது, எதைத் தொட்டும் தொடாமலும் செல்வது என்னும் அறிவு. அதைக் கருவியில் எவ்வாறு வெளியிடுவது என்பதைச் சீடரே கண்டறிய வேண்டியிருந்தது. அவர் தந்திகளின் அமைப்பை மாற்றினார். சுருதிக்கும் தாள அசைவுக்கும் உரிய தந்திகளைச் சேர்த்தார். 1967இல், சந்தூர் வித்வான் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் வித்வான் ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. காச்மீர இடையன் ஒருவனின் ஒரு நாள் வாழ்வை இராகங்களால் சித்திரிக்கும் அத்தட்டு, உலகெங்கும் கித்தாரை இந்தியக் கருவியாக அறிமுகம் செய்தது.

அவ்வழியில் அடுத்து வந்தவர் ஜெய்ப்பூரின் விசுவ மோகன் பட். 1950இற் பிறந்த அவருடைய இல்லமே ஒரு சங்கீதப் பள்ளி. பெற்றோர் இருவரும் இசை கற்பித்தவர்கள். அங்கே சித்தார் கற்க வந்த ஜெர்மானிய மாணவி ஒருத்தி கையிற் கொண்டிருந்த கித்தாரே அவருக்கு அக்கருவியை அறிமுகம் செய்தது என்று கூறுவர். இந்தியக் கருவி கற்க வந்தவள் கொணர்ந்த அயல்நாட்டுக் கருவி, இந்தியக் கருவியாகவே உருமாறியது காலத்தின் விளையாட்டு. அவர் அதிற் சுருதித் தந்திகளையும், தாமே அதிர்ந்து ஒலிக்கும் 12 துணைத் தந்திகளையும் சேர்த்து, ‘மோகன வீணை’ என்று பெயரிட்டார். சித்தார் மேதை ரவிசங்கரைக் குருவாகக் கொண்டார். அவரும் கித்தார் வாசித்தவர் அல்லர். அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் அவர் இணைந்து வாசித்த இசைத்தட்டுக்கு 1994ஆம் ஆண்டு கிராமி விருது கிடைத்தது.

தெற்கிலும் இதே கதையைக் காண்கிறோம். இன்று வயலினை அயல்நாட்டுக் கருவி என்று நம்மில் எவரும் ஒதுக்குவதில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), சென்னையை அடுத்த மணலியில், சின்னையா முதலியாரின் ஆதரவில், ஐரோப்பிய வயலின் கலைஞர் ஒருவரிடம் அதைக் கற்றார். ஆசிரியர் தந்தது வில்லையும் விரலையும் ஆளும் முறை. இராகமும் கமகமும் மாணவர் வீட்டிலேயே இருந்தன. இரண்டும் ஒருவரிடம் கூடியபோது வயலின் நமதாயிற்று. பாலக்கொல்லுவிற் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸின் (1969–2014) குருவான ருத்ரராஜு சுப்பராஜுவோ மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடிக் காட்டினார். சிறுவன் கருவியில் அதைத் திருப்பிச் சொன்னான். மெட்டுகளைக் களையாமலே கித்தாரில் கருநாடக இசை வாசித்துப் பெயர் பெற்ற பிரசன்னாவும், வயலின் வித்வாம்சினி கன்னியாகுமரியிடம் பயின்றவரே.

கித்தார் கற்பதற்கு மற்றொரு நெறியும் உண்டு. அதையும் குறைத்து மதிப்பிடலாகாது. மேனாட்டு இசையை அதன் இலக்கணத்தோடும் எழுத்துக் குறியீட்டோடும் கற்கும் நெறி அது. கோவாவின் மாதாகோவில் பள்ளிகளில் இக்குறியீடு தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டதனாலேயே, பம்பாய்த் திரையிசைக்கு அங்கிருந்து எண்ணற்ற வாத்தியக் கலைஞர் கிடைத்தனர். சென்னை மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் தம் சிறு அறையில் இதே கல்வியைப் பலருக்கு வழங்கினார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் இளையராஜா. லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கித்தார்த் தேர்விலும் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதும், மேனாட்டு ஸ்வரக்கூட்டுகளைக் கற்ற கையும் சேர்ந்ததன் பயனைத் தமிழ் மக்கள் 1976 முதல் கேட்டு வருகின்றனர்.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. கருவியின் பிறப்பிடம் அதன் இசையை முடிவு செய்வதில்லை. அதைக் கையில் எடுப்பவனின் காதில் முன்னரே குடிபுகுந்துள்ள சங்கீதமே முடிவு செய்கிறது. காப்ராவுக்கும் பட்டுக்கும் ஸ்ரீநிவாஸுக்கும் குருமார் கொடுத்தது குரல்; கருவியின் நுட்பத்தை அவர்கள் தம் உழைப்பால் தேடிக்கொண்டனர். காதில் ஒன்றும் இல்லாதவனுக்கு வீணையும் வெறும் பலா மரமே.

ஆதலால், வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அண்டையிலுள்ள சங்கீதப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும்போது, கற்பது கித்தாரா வீணையா என்பதைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. அங்கே ஆசிரியர் ஸ்வரத்தைப் பாடிக் காட்டுகிறாரா, மாணவரைத் திருப்பிப் பாடச் சொல்கிறாரா என்று கேட்டறிக. நான்கு ஸ்வரக்கூட்டுகளை விரலிற் பதித்து, இரண்டு திரைப்பாடல்களை வாசிக்கச் செய்து அனுப்பிவிடும் வகுப்பும் உண்டு; செவியைப் பயிற்றும் வகுப்பும் உண்டு. முன்னது சில மாதப் பொழுதுபோக்கு. பின்னது வாழ்நாட் செல்வம்.

எஞ்சிய கடமை வீட்டைச் சேர்ந்தது. ஆசிரியர் வங்காளியாக இருக்கலாம்; கோவாக்காரராக இருக்கலாம். அவர் தேவாரத்தையோ கீர்த்தனத்தையோ தாலாட்டையோ கற்பிப்பார் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அவற்றைப் பிள்ளையின் காதில் விழச் செய்ய வேண்டியவர்கள் தாயும் தந்தையும் பாட்டியுமே. ஜோத்பூர் வீட்டிலும் ஜெய்ப்பூர் வீட்டிலும் கித்தார் வருவதற்கு முன்பே சங்கீதம் இருந்தது. நம் வீடுகளிலும் அவ்வாறே இருக்குமானால், பக்கத்துத் தெருப் பள்ளியிற் கற்ற கித்தாரில் ஒரு நாள் நம் பிள்ளை தோடியின் சாயலைத் தானே தேடிப் பார்ப்பான். அன்று அவனைத் திருத்தவும் வீட்டில் ஒரு காது காத்திருக்க வேண்டும்.