கோடிக்கரையில் என்ன இருக்கிறது?



வேதாரண்யம் வரை போய்விட்டு, "கோடிக்கரையில் என்ன சார் இருக்கு, வெறும் காடுதானே" என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். இந்தப் பதிவு அவர்களுக்காக.

முதலில் வரைபடம். சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வரும் கடற்கரை ஓரிடத்தில் சட்டென்று மேற்கே மடங்கும். தேர்வில் பலர் அதை வழவழவென்று வளைத்துவிடுவீர்கள். நான் சிவப்பு மையால் முனை போட்டுத் தருவேன். அந்த முனைதான் கோடிக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. கோடி என்றால் கடைசி, மூலை. பெயரிலேயே பூகோளம் இருக்கிறது. காவிரியின் செழிப்பு இந்த மூலையை எட்டவில்லை. மணல்மேடும் உவர்ச் சதுப்பும், பாலை மரங்கள் நிறைந்த காடும்தான். ஊர் பெருகாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆள் குறைவு என்பதும் இன்று நேற்று வந்ததல்ல. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த சுந்தரர், கோடிக்குழகரைப் பார்த்து, கடற்காற்று வீசும் இந்தக் கரையில் அக்கம்பக்கத்தில் குடிகள் இல்லாமல் யார் துணையோடு இருக்கிறீர் என்று கேட்டுப் பதிகம் பாடினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இதைவிடப் பழைய சாட்சி எந்த ஊருக்கு இருக்கிறது?

ஆனால் குடி குறைவு என்பதால் வேலை இல்லாத இடம் அல்ல. கடலில் வருகிறவனுக்கு இந்த முனை தெரிய வேண்டும். அதனால்தான் இங்கே கலங்கரை விளக்கம் நின்றது. பொன்னியின் செல்வனில் பூங்குழலியின் தந்தை அதைக் காப்பவராக வருவார். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் விளக்கம் 2004 சுனாமி வரை நின்றது. இன்று அடிப்பகுதி மட்டுமே கிடக்கிறது. அலை இடித்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அதை நாம் கவனிக்காமல் விட்டிருந்தோம் என்பது என் கருத்து.

இந்த ஊருக்கு நிரந்தர ஜனத்தொகையைவிடப் பருவ ஜனத்தொகைதான் முக்கியம். ஐப்பசி வாக்கில் வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். சீசன் முடிந்ததும் போய்விடுவார்கள். பூநாரைகள் முதலான பறவைகள் வந்து போவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். ஆடி, தை அமாவாசைகளில் கடலாட வரும் கூட்டம் தனி. ஆண்டு முழுக்க இருப்பவை வெளிமான்கள். அவற்றுக்காகத்தான் 1967இல் சரணாலயம் அமைந்தது. 2002இல் சதுப்புநிலத்துக்கு ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து, மான்களையும் கொன்றது. சீமைக்கருவேலம் பரவி மான் மேயும் புல்வெளியைத் தின்பதோ புயலைப் போலச் செய்தியாவதில்லை.

ரயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் வண்டி கோடிக்கரை வரை போனது. திருத்துறைப்பூண்டியிலிருந்து 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திரும்பிய ரயில், 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. காட்டுக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். ஊர்க்காரர்களிடம் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸை நம்பி நிற்பவர்கள் அவர்கள்தானே.