தரிசில் தேடிய சுதந்திரம்



ஊரையும் அதன் சட்டதிட்டங்களையும் உதறிவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத காட்டிலோ மேட்டிலோ போய் வாழ்ந்தால் விடுதலை கிடைத்துவிடுமா? சேரியில் பிறந்த ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. நாம் கூடியிருக்கும் சோழவரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்து நிலத்தின் வரலாற்றிலேயே இக்கேள்விக்கான விடையைத் தேடலாம்.

காட்டுக்குப் போனவர்களின் கதை எல்லோருக்கும் ஒன்றாக முடிவதில்லை. இராமன் காட்டுக்குப் போனான். பதினான்கு ஆண்டு கழித்துத் திரும்பியபோது அரியணை காத்திருந்தது. சம்பூகனும் ஊரைவிட்டு விலகித் தவம் செய்தான். அதே அரசன் தேடி வந்து தலையை வெட்டினான். ஏகலைவன் காட்டில் தானே கற்ற வித்தைக்கும் கட்டைவிரலைக் கேட்டு ஆச்சாரியார் வந்தார். ஊரில் இடமுள்ளவனுக்குக் காடு என்பது விடுப்பு. இடமில்லாதவனை வருணம் காட்டிலும் வந்து பிடித்தது.

உலகெங்கும் இதைக் காணலாம். அமெரிக்காவின் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரைக் காட்டில் குடியேறி, இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் வாழ்ந்தார். அவருடைய நூலைத் தனிமனித விடுதலையின் சாசனமாகக் கல்லூரிகளில் படிக்கிறோம். அவர் குடில் போட்ட நிலம் நண்பர் எமர்சனுடையது. அதே காட்டில் அவருக்கு முன்பு வாழ்ந்தவர்கள் கேட்டோ இங்கிரகாம், பிரிஸ்டர் ஃபிரீமன் போன்ற முன்னாள் கறுப்பின அடிமைகள். அவர்களைப் பற்றித் தோரோவே ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். விளைச்சல் இல்லாத மண் என்று ஊரார் ஒதுக்கிய இடம் என்பதால்தான் அவர்களால் அங்கே குடியிருக்க முடிந்தது. 'ஃபிரீமன்' என்றால் சுதந்திர மனிதன். அடிமையாக இருந்தவர் அந்தச் சொல்லையே தன் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். தோரோ போனபோது அவர்களுடைய வீடுகளின் நிலவறைக் குழிகள்தான் மிஞ்சியிருந்தன.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தொண்டை மண்டலத்தில் நிலத்தை ஆண்டது மிராசு முறை. வேளாளரும் பிராமணரும் பெரும்பான்மையாக இருந்த மிராசுதாரர்கள், உழுத நிலத்தோடு நிறுத்தாமல், கிராம எல்லைக்குள் கிடந்த தரிசிலும் தமக்கே முதலுரிமை என்றார்கள். ஒரு பறையர் தரிசு கேட்டுத் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாரர் குறுக்கே வந்து தானே எடுத்துக்கொள்ளலாம். ஏர் பூட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும், நம்மவர் கைக்கு அது போகாமல் தடுத்தால் போதும் அவருக்கு.

மிராசு இல்லாதவர்கள் உழுதால் மிராசுதாரருக்குக் கட்ட வேண்டிய தொகை ஒன்று இருந்தது. செங்கல்பட்டு வருவாய் ஆவணங்களில் அதற்குப் பெயர் 'சுதந்திரம்'. ஆம், அதே சொல்தான். இன்று நாம் விடுதலை என்ற பொருளில் முழங்கும் சொல், அன்று ஆண்டைகளின் பரம்பரைப் பாத்தியதையைக் குறித்தது. ஒருவருடைய சுதந்திரத்தை இன்னொருவர் நெல்லாகவும் பணமாகவும் அளந்து கொடுத்த மாவட்டம் இது.

1843இல் அடிமைமுறைக்கு எதிரான ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை என்ற சொல் போய் படியாள் என்ற சொல் நின்றது. கடனுக்கு உழைப்பையே எழுதிக்கொடுக்கும் பத்திரங்கள் தொடர்ந்தன. ஊரைவிட்டுப் போகலாமே என்றால், குடிசை நிற்கும் மனையும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினாலும் தரிசு கேட்டு மனு போட்டாலும் குடிசையைப் பிரி என்பார்கள். கடல் கடந்தவர்கள் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. மொரீசியசும் பர்மாவும் இலங்கை மலைகளும் நம் மக்களுக்கு இன்னொரு வனமாயின. அங்கும் ஒப்பந்தமும் கங்காணியும் காத்திருந்தனர்.

இந்நிலையில் 1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர்களைப் பற்றிய அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். அதைக் கருணையின் ஆவணம் என்று மட்டும் படித்தால் போதாது. மனை வேண்டும், பள்ளி வேண்டும், தரிசு வேண்டும் என்பவை அதன் சாரம். திருப்போரூருக்கும் திருவள்ளூருக்கும் இடைப்பட்ட சேரிகள் தலைமுறைகளாகக் கேட்டுவந்ததை ஓர் அதிகாரி காகிதத்தில் ஏற்றினார் என்றே நாம் கொள்ள வேண்டும். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன.

ஆக, நம் முன்னோர் தேடிய வனம் முள்ளும் கல்லும் நிறைந்த தரிசு. உலகத்தை வெறுத்து அவர்கள் அதைக் கேட்கவில்லை. ஆண்டையின் சொல் செல்லாத இடம் ஒன்று வேண்டும், அதற்குப் பட்டாவும் வேண்டும் என்று கேட்டார்கள்.

நிலத்தோடு பெயரும் சேர்ந்தே வந்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பக்கம் அமைத்த குடியிருப்புகளுக்கு ஆண்ட்ரேயபுரம், மெல்ரோசாபுரம் என்று பெயர் வைத்தார். 'சேரி' என்று முடியாத முகவரி கிடைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் வேறொரு வழியில் போனார். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். ஊரார் வைத்த பெயரிலிருந்து வெளியேறுவதும் வெளியேற்றம்தான்.

அண்ணல் அம்பேத்கர் இரண்டையும் ஒரே திட்டமாக்கினார். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பார் மாநாடு, சாதி இந்துக்களின் கிராமங்களிலிருந்து விலகிய தனிக் குடியேற்றங்களைக் கோரியது. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற வரைவில், சாகுபடிக்கு ஏற்ற அரசு நிலங்களைக் குடியேற்ற ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதினார். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அரசியல் நிர்ணய சபையில் அவர் கொடுத்த பதிலை நாம் அறிவோம். ஊரைவிட்டு வெளியே போகச் சொன்ன அவர், நிலமும் நிதியும் ஆணையமும் இல்லாமல் போகச் சொல்லவில்லை.

இந்த வரலாற்றின் மறுபக்கம் இதே வட்டாரத்தில் இருக்கிறது. நாம் ஊரிலிருந்து தரிசுக்குப் போக முயன்றோம். இருளர் மக்களோ காட்டிலிருந்து ஊருக்குத் தள்ளப்பட்டார்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அவர்களது காட்டை அரசுக் காப்புக்காடாக்கியது. காடு போனபின் முன்பணம் வந்தது. செங்குன்றம் வட்டார அரிசி ஆலைகளில் நெல் அவித்துக் களத்தில் காயவைத்த இருளர் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக அரசு அதிகாரிகளே மீட்ட நிகழ்வுகள் 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் நடந்தன. காட்டில் சுதந்திரமாக வாழ்ந்தவர்களிடம் பட்டா இல்லை. அதனால் அந்தச் சுதந்திரத்தை ஒரு சட்டம் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஊருக்கு வெளியே இருப்பது மட்டும் விடுதலை ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பஞ்சமி நிலக் கோரிக்கையின் உடன்பிறப்பாகவே நாம் பார்க்க வேண்டும்.

1994இல் காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்தார்கள். அந்நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். தரிசாகக் கிடந்தபோது யாரும் கேட்காத மண், விலை ஏறியபோது உயிரை வாங்கியது.

இன்று சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள், கிடங்குகள், மனைப்பிரிவுகள். ஒருகாலத்தில் கல்லாங்குத்து என்று கைவிட்ட இடத்துக்கும் இப்போது சதுர அடிக் கணக்கில் விலை. இதில் எவ்வளவு பஞ்சமி நிலம் என்பதை மேடையில் ஊகித்துச் சொல்ல நாம் வரவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாணவத் தோழர்களே, இதை நீங்கள் செய்யலாம். உங்கள் கிராமத்தின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 1980களில் யு.டி.ஆர். திட்டத்தில் எழுதப்பட்ட 'அ' பதிவேட்டோடு சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். பழையதில் பஞ்சமி, டி.சி. என்று குறித்த எண்கள் புதியதில் யார் பெயரில் இருக்கின்றன என்று பட்டியலிடுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து கையில் இருக்கிறது. பெரியவர்களிடம் நிலத்தின் பழைய பெயரையும் எல்லையையும் கேட்டு எழுதி வையுங்கள். சர்வே எண் தெரியாதவர்களுக்கும் எந்தப் பனைமரம் வரை நம்முடையது என்று தெரியும்.

தாத்தாக்கள் தரிசைக் கேட்டு மனு எழுதினார்கள். அந்த மனுவின் எண்ணைக் கண்டுபிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியது நம் பொறுப்பு.