ஆயிரத்துக்கு 897

ஒரு முற்பகலில் ஊரே மயங்கி விழுகிறது. சில மணி நேரத்தில் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வருகிறது: பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் முழுகாமல் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவளும், புருஷன் வெளியூரில் இருப்பவளும்கூட. ஜான் விண்டமின் 1957-ஆம் ஆண்டு நாவலை வைத்து உல்ஃப் ரில்லா இயக்கி, 1960-இல் வந்த ‘வில்லேஜ் ஆஃப் தி டேம்ட்’ என்ற ஆங்கிலப் படத்தின் கதை இது. அந்தக் கிராமத்துக் கருக்களைப் பார்க்க மருத்துவர்களிடம் எக்ஸ்ரே மட்டுமே இருந்தது.

நிஜத்தில் வேறொரு கண் அப்போதே திறந்துகொண்டிருந்தது. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், 1955-இல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதே ஒலியலை மனித உடலுக்குள் இருப்பதையும் காட்டுமா என்று பார்த்தார். 1958-இல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. ஸ்கேன் பிறந்த கதை இவ்வளவுதான். எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்த கருவி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தக் கருவி நம் ஊர்களுக்கு வந்தபோது, குழந்தை நலமா என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொன்னால், முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை. ஸ்கேன் சென்டர்தோறும் அறிவிப்புப் பலகை மாட்டியாக வேண்டும்.

பலகை தொங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு அரியலூர் மாவட்டத்தில் பெண் குழந்தைகள் 897 பேர், பெரம்பலூரில் 913. பக்கத்துக் கடலூரில் 896. மாநிலச் சராசரியோ 943. அதே கணக்கெடுப்பில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், அரியலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள், பெரம்பலூரில் 1,003. பெரியவர்களில் பெண்கள் நிறைந்திருக்கும் மண்ணில், தவழும் வயதில் மட்டும் பெண் குறைகிறாள். பிறந்த பிறகு கவனிப்பாரற்றுப் போன பெண் குழந்தைகளும் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள், பிறக்கவே விடப்படாதவர்களும் இருக்கிறார்கள்.

படத்தில் கர்ப்பங்கள் காரணமில்லாமல் வந்தன. இங்கே காரணம் சொல்லப்படாமல் கலைந்தன. மர்மம் ஒன்றும் இல்லை. நகைக்கும் சீருக்கும் பயந்த குடும்பம், முதலாவதும் பெண்ணாகிப்போன மருமகள், காசு வாங்கிக்கொண்டு சாடையாகச் சொன்ன ஒருவர். கரு வேண்டாம் என்று முடிவெடுக்கச் சட்டம் பெண்ணுக்கு இடம் தருகிறது. ஆனால் ‘பொட்டப்புள்ள’ என்பதற்காக மாமியார் வீடு எடுத்த முடிவை அவளுடைய முடிவு என்று எப்படிச் சொல்வது?

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2011-இல் இந்த மாவட்டங்களுக்கும் அரசு நீட்டித்தது. தொட்டில், பிறந்த குழந்தையைத்தான் ஏந்தும். ஸ்கேன் அறையில் முடிந்துபோனதை அது எட்டாது. அதற்கு வேண்டியது, கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் மூன்றாம் மாதம் இருந்த பெயர் ஐந்தாம் மாதம் ஏன் இல்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்கும் ஆள்.

2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அதனால் 897 ஏறியதா இறங்கியதா என்று அதே அளவுகோலில் ஒப்பிட வழியில்லாமல் ஆண்டுகள் கடந்தன. அந்த எண்ணுக்குள் இருந்த பையன்களில் மூத்தவர்கள் இருபதைத் தொட்டுவிட்டார்கள். அடுத்து அவர்களுக்குப் பெண் பார்க்க வேண்டும்.